கட்டியை எடுப்பதா, கர்ப்பப்பையை எடுப்பதா? - ஃபைப்ராய்டு சிகிச்சையின் கதை

கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து, நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் ஒரு ஓரமாக உட்கார்ந்து பேசினால் அதில் ஒருவராவது சொல்லிவிடுவார், "எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாச்சே!" என்று. ஏதோ சொத்தைப் பல்லைப் பிடுங்கிய மாதிரி. ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால், "கட்டி இருந்துச்சாம், ரொம்பப் பட்டுக்கிட்டே இருந்துச்சு, டாக்டர் எடுத்திடலாம்னு சொல்லிட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கட்டியைத்தானே எடுக்க வேண்டும், கர்ப்பப்பையை எதற்கு எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு 180 வருட சரித்திரம் இருக்கிறது. நான் படிப்பது பி.காம். மருத்துவம் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் லைப்ரரியில் வேறு எதையோ தேடப் போய் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன். படிக்கப் படிக்க, இதில் கத்தியைவிடக் கணக்கும் பழக்கமும்தான் அதிகம் வேலை செய்திருக்கின்றன என்று தோன்றியது. அதனால் எழுதத் துணிந்தேன்.

முதலில் கட்டியைப் பற்றிக் கொஞ்சம். கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையிலேயே சில செல்கள் தனியாகப் பெருகி உருண்டையாகத் திரண்டால் அதுதான் ஃபைப்ராய்டு. தமிழில் நார்த்திசுக் கட்டி என்கிறார்கள். கடுகு அளவிலும் இருக்கும், பூசணிக்காய் அளவிலும் இருக்கும். ஒன்றும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. ஈஸ்ட்ரோஜென், புரொஜெஸ்டிரோன் என்ற இரண்டு பெண் ஹார்மோன்கள்தான் இதற்குச் சாப்பாடு. மாதவிலக்கு நின்றுவிட்டால் சாப்பாடும் நின்றுவிடும், கட்டி தானாகவே சுருங்க ஆரம்பிக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை வரப்போகிறது.

எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, பெண்களை வரவழைத்து ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் கட்டி உருவாகிவிடுகிறது என்று தெரிந்தது. இவர்களில் பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, இருப்பதே தெரியாது. மற்றவர்களுக்குத்தான் சித்த வைத்தியர்கள் பெரும்பாடு என்று சொல்லும் அந்த ஓயாத ரத்தப்போக்கு, அதனால் ரத்தசோகை, இடுப்பு வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுவது, சிலருக்குக் கரு தங்காமல் போவது எல்லாம். பெரும்பாடு! பெயர் வைத்தவர் அந்தப் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம்.

1793-ல் லண்டன் மருத்துவர் மேத்யூ பெய்லி இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து எழுதிய புத்தகத்தில் இந்தக் கட்டிகளை விவரித்தார். பிறகு ஜெர்மனியின் விர்ச்சோ இது தசையிலிருந்து வருவது என்று காட்டினார். 1860-களில் வியன்னாவைச் சேர்ந்த ரோகிடான்ஸ்கியும் க்ளோபும் ஃபைப்ராய்டு என்று பெயர் வைத்தார்கள். பெயர் நார் என்கிறது, பொருளோ தசை. தப்பான பெயர்தான், ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தக் காலத்தில் கட்டி இருப்பது தெரிந்தாலும் செய்வதற்கு எதுவும் இல்லை. வயிற்றைத் திறந்தால் ஆள் போய்விடுவார் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அதை உடைத்தது 1809-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற சின்ன ஊரில் நடந்த ஒரு ஆபரேஷன். ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண் 60 மைல் தூரம் குதிரையில் வந்து, எஃப்ரெய்ம் மெக்டவல் என்ற டாக்டரிடம் வயிற்றைக் காட்டினார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள கட்டியை மெக்டவல் எடுத்தார். அது ஃபைப்ராய்டு இல்லை, சினைப்பைக் கட்டி. ஆனால் அந்த அம்மாள் பிழைத்ததோடு, இன்னும் 32 வருடம் உயிரோடு இருந்தார். வயிற்றைத் திறந்தாலும் மனுஷி பிழைக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதில் ஒரு சிக்கல். வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்து, உள்ளே இருப்பது சினைப்பைக் கட்டியா, கர்ப்பப்பைக் கட்டியா என்று சொல்வது மகா கஷ்டம். சினைப்பைக் கட்டி என்று நினைத்துத் திறந்துவிட்டு, பிறகு விழி பிதுங்கியவர்கள் பலர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து சார்லஸ் க்ளே 1843-ல் அப்படித்தான் மாட்டினார். திறந்தபின் வேறு வழியில்லாமல் கர்ப்பப்பையை எடுத்தார், நோயாளி இறந்துவிட்டார். பத்து வருடம் கழித்து 1853-ல் அமெரிக்காவின் லோவெல் நகரத்தில் வால்டர் பர்ன்ஹாம் இதே தப்பைச் செய்தார். ஆபரேஷன் நடக்கும்போதே நோயாளி வாந்தி எடுக்க, அந்த வேகத்தில் ஃபைப்ராய்டு நிறைந்த கர்ப்பப்பை வெட்டின வழியாக வெளியே வந்துவிட்டது. திரும்ப உள்ளே தள்ள முடியவில்லை. சரி, எடுத்துவிட வேண்டியதுதான் என்று எடுத்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார்! வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்து ஒரு பெண் பிழைத்த முதல் சம்பவம் இதுதான் என்று எழுதுகிறார்கள். அதே ஊரில், அதே வருடம், கில்மன் கிம்பால் என்பவர் தெரிந்தே, ஃபைப்ராய்டுக்காகவே கர்ப்பப்பையை எடுத்து வெற்றி பெற்றார்.

இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கில் செய்யப்படும் ஒரு ஆபரேஷன் வாந்தியில் ஆரம்பித்திருக்கிறது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஒரு வருடத்தை. 1844. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் என்ற ஊரில், வாஷிங்டன் அட்லி என்ற மருத்துவர் வயிற்றைத் திறந்து, கர்ப்பப்பையின் வெளிப்புறத்தில் இருந்த கட்டியை மட்டும் எடுத்தார். கர்ப்பப்பையை அப்படியே விட்டுவிட்டார். நோயாளி பிழைத்தார். அதாவது கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் வெற்றி பெறுவதற்கு 9 வருடம் முன்பே, கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் வெற்றி பெற்றுவிட்டது. இன்று நம் ஊரில் "கட்டியை மட்டும் எடுக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டால் அது என்னவோ நேற்று வந்த நவீன முறை போலப் பேசுகிறார்கள் இல்லையா, அதனால்தான் இந்தத் தேதியை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் ஏன் அது பரவவில்லை? நியாயமான காரணம் ஒன்று இருந்தது. ஃபைப்ராய்டுக்கு ரத்த ஓட்டம் அதிகம். சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டியைத் தோண்டினால் ரத்தம் குபுகுபுவென்று வரும். காம்பு வைத்துத் தொங்கும் கட்டி என்றால் கதை வேறு, அட்லிக்குக் கைகூடியதும் வெளிப்புறக் கட்டிதான். மற்றபடி இரத்தம் ஏற்றும் வசதி இல்லாத காலத்தில் தோண்டுவதைவிட, ரத்தக் குழாய்களைக் கட்டிவிட்டு மொத்தமாக எடுப்பது சுலபம். சுலபம் என்றாலும் அதிலும் பெரும்பாலோர் இறந்தார்கள். 1846-ல் ஈதர் மயக்க மருந்தும், 1867-ல் லிஸ்டரின் கிருமிநாசினி முறையும் வந்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது.

நடுவில் விசித்திரமான வைத்தியங்கள் பல வந்து போயின. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 1872-ம் வருடம் ஜெர்மனியில் ஹெகர், இங்கிலாந்தில் லாசன் டெய்ட், அமெரிக்காவில் பேட்டி என்று மூன்று டாக்டர்கள் சில வார இடைவெளியில் பெண்களின் சினைப்பைகளை எடுத்தார்கள். சினைப்பையை எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், நின்றால் கட்டி சுருங்கும் என்று இது ஃபைப்ராய்டுக்கும் வைத்தியமாயிற்று. தர்க்கம் சரிதான். முப்பது வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் ஐம்பது வயதைக் கொடுப்பது மட்டும்தான் குறை! 1880-களில் பாரிஸில் அப்போஸ்டோலி மின்சார வைத்தியம் செய்தார். குயவர்கள் பயன்படுத்தும் ஈரக் களிமண்ணை வயிற்றின் மேல் அப்பி அதில் ஒரு கம்பி, கர்ப்பப்பைக்குள் இன்னொரு கம்பி, நடுவில் மின்சாரம். ஐரோப்பா, அமெரிக்கா முழுக்கக் கொஞ்ச காலம் இது பெரிய ஃபேஷன். எக்ஸ்-ரேயும் ரேடியமும் வந்ததும் 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கதிர்வீச்சு அடித்து சினைப்பையைச் செயலிழக்கச் செய்தார்கள். அதுவும் பழைய தர்க்கம்தான், கத்திக்குப் பதில் கதிர்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வருகிறார்.

விக்டர் பானி. 1872-ல் பிறந்தவர், லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். 1905-ல் ஆனி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ஆனிக்கு ஃபைப்ராய்டு. ரத்தப்போக்கு தாங்காமல், கல்யாணமான சில காலத்திலேயே கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் குழந்தை இல்லை. பானி பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்குப் பின்னால் இதுதான் இருந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பானியின் வாதம் எளிமையானது. ஃபைப்ராய்டு புற்றுநோய் இல்லை. தீங்கில்லாத ஒரு கட்டிக்காக, இளம் பெண்ணின் ஒரு உறுப்பையே எடுப்பது வைத்தியத்தின் வெற்றி ஆகாது. செயல் கெடாமல் குணப்படுத்துவதுதான் அறுவை சிகிச்சையின் லட்சியம் என்றால், கட்டியை மட்டும் எடுப்பதுதான் பெரிய சாதனை. ஆனால் வாதம் மட்டும் போதாதே, ரத்தம் நிற்க வேண்டுமே! அதற்கு அவர் ஒரு கிடுக்கியைச் செய்தார். கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் இரண்டு பக்கமும் கீழிருந்து ஏறுகின்றன. ஆபரேஷன் நடக்கும் நேரம் மட்டும் அவற்றைச் சேர்த்துக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் கிடுக்கி அது. தண்ணீர்க் குழாயை ரிப்பேர் செய்வதற்கு முன் மெயின் வால்வை மூடுகிறோமே, அதேதான். ரத்த ஓட்டம் நின்ற நேரத்தில் ஒவ்வொரு கட்டியாகத் தோண்டி எடுத்து, குழிகளைத் தைத்து மூடி, கிடுக்கியைக் கழற்றிவிடுவார். ஒரு பெண்ணின் கர்ப்பப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்திருக்கிறார். எண்ணிப் பார்த்திருக்கிறார் பாருங்கள், அந்தப் பொறுமையே தனி. மொத்தம் 800-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள், அவற்றில் இறப்பு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். இதில் பெரும்பகுதி பென்சிலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்!

ஆக, 1930-களிலேயே ரத்தம் என்ற பழைய சாக்கு போய்விட்டது. கர்ப்பப்பையைக் காப்பாற்ற முடியும் என்று ஒருவர் எண்ணிக்கையோடு நிரூபித்துவிட்டார். அடுத்த ஐம்பது வருடத்தில் என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்தது நேர் எதிர். ஆன்டிபயாடிக்கும் ரத்த வங்கியும் வந்தன. கர்ப்பப்பையை எடுப்பது முன்பைவிடப் பாதுகாப்பாகிவிட்டது. பாதுகாப்பானதும் பழக்கமாகிவிட்டது. கட்டி கட்டியாகத் தோண்டுவதற்கு நேரம் அதிகம், திறமை அதிகம், அப்படியும் சிலருக்குக் கட்டி திரும்ப வரும். மொத்தமாக எடுத்தால் ஒரே வேலை, திரும்ப வராது. காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவன் எவனும் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 1990-களிலும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது. முதல் காரணம் ஃபைப்ராய்டு. 60 வயதை எட்டும்போது மூன்றில் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை இருக்காது.

இதில் ஒரு விதியும் உண்டு. கர்ப்பப்பை 12 வாரக் கர்ப்பத்தின் அளவுக்கு வீங்கிவிட்டால், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். காரணம், அவ்வளவு பெரிய கர்ப்பப்பை மறைத்துக்கொள்வதால் பக்கத்தில் இருக்கும் சினைப்பையைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது, அதில் புற்றுநோய் வந்தாலும் தெரியாது என்பது. கையால் பார்த்த காலத்துக்கு அது சரி. ஸ்கேன் வந்த பிறகு?

ஸ்கேன் வந்த கதையில் ஃபைப்ராய்டுக்கும் பங்கு இருக்கிறது, அதனால் ஒரு நிமிடம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்டு, 1955 ஜூலையில் ஆபரேஷனில் எடுத்த ஃபைப்ராய்டுகளையும் சினைப்பைக் கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் கம்பெனிக்குப் போனார். இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனியில் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு வாங்கி வைத்திருந்தார்களாம். ஃபைப்ராய்டு ஒரு மாதிரியும் நீர்க்கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன. 1958-ல் லான்செட் இதழில் அவரும் சகாக்களும் கட்டுரை எழுதினார்கள். க்ளேயும் பர்ன்ஹாமும் வயிற்றைத் திறந்து பார்த்துத் திகைத்த கேள்விக்கு, திறக்காமலே பதில் கிடைத்துவிட்டது. ஸ்கேன் எங்கும் பரவிய பிறகும் 12 வார விதி மட்டும் பல வருடம் தாக்குப்பிடித்தது. காரணம் செத்த பிறகும் விதி நடமாடும். நம் அரசு அலுவலகப் படிவங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது :)

இதுவரை சொன்னது டாக்டர்களின் கதை. ஆபரேஷன் டேபிளில் படுத்தவர்களின் கதை பெரும்பாலும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஃபேனி லூ ஹேமர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக்காட்டில் குத்தகைக் கூலியாக வேலை செய்த கறுப்பினப் பெண். வீட்டில் இருபதாவது குழந்தை, ஆறு வயதிலிருந்து பருத்தி எடுத்தவர். 1961-ல் வயிற்றில் ஒரு சின்னக் கட்டியை எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டியை எடுத்தார்கள், கூடவே கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். அவரைக் கேட்கவில்லை. எடுத்த பிறகும் அவரிடம் சொல்லவில்லை! பண்ணைக்காரர் வீட்டில் பேசிக்கொண்டது சமையற்கட்டு வழியாக ஊருக்குள் வந்து, கடைசியில்தான் அவர் காதுக்கு எட்டியது. டாக்டர் மேல் கேஸ் போடக்கூடாதா என்றால், 1961-ல் மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பெண் வெள்ளைக்கார டாக்டர் மேல் கேஸ் போடுவது தன் சவப்பெட்டிக்குத் தானே ஆணி அடிப்பதற்குச் சமம்.

அடுத்த வருடம், 1962 ஆகஸ்டில், அவர் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்ய பஸ் ஏறிப் போனார். அதற்காக வேலையும் வீடும் போயின. பிறகு சிறையில் அடி வாங்கினார். 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் பேசியதை அமெரிக்கா முழுக்க டிவியில் பார்த்தது. மனித உரிமைப் போராளியாக எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அந்த ஆபரேஷன் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசினார். தன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் கறுப்பினப் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் இப்படித் திரும்புகிறார்கள் என்றார். "மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்" என்று அங்கே இதற்குக் கேலியாகப் பெயரே இருந்தது. அவரும் கணவரும் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

பானியின் கிடுக்கி வந்து அப்போது நாற்பது வருடம் ஆகியிருந்தது.

1990-களில் பாரிஸில் இன்னொரு தற்செயல் நடந்தது. லரிபோசியேர் மருத்துவமனையில் ழாக் ராவினா என்ற மருத்துவர், ஃபைப்ராய்டு ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க ஒரு யோசனை செய்தார். ஆபரேஷனுக்கு முன்பே, தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கர்ப்பப்பைத் தமனிக்குள் மணல் போன்ற நுண்துகள்களைத் தூவி அடைத்துவிடுவது. அடைத்தபின் ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெண்களில் பலர், "எனக்கு இப்போது ரத்தப்போக்கே இல்லை, எதற்கு ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டார்கள். ரத்தம் கிடைக்காமல் கட்டி வாடத் தொடங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னேற்பாடாக வந்ததே சிகிச்சை ஆகிவிட்டது. 1995-ல் 16 பெண்களைப் பற்றி லான்செட்டில் எழுதினார், அவர்களில் 11 பேருக்கு அறிகுறிகள் முழுதாகப் போயிருந்தன. பானி ஒரு மணி நேரம் மூடிய வால்வை ராவினா நிரந்தரமாக மூடினார் என்று வைத்துக்கொள்ளலாம். 2004 நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பதவிக்கு அறிவிக்கப்பட்ட சில நாளில் காண்டலீசா ரைஸ் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு உடனே வேலைக்குத் திரும்பினார். ஃபைப்ராய்டு என்ற வார்த்தை அப்போது செய்திகளில் அடிபட்டது.

இதெல்லாம் கேட்டுவிட்டுப் புதியது எல்லாம் நல்லது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்ததும், பெரிய கட்டியைத் துளை வழியாக எப்படி வெளியே எடுப்பது என்ற பிரச்சனை வந்தது. உள்ளேயே அரைத்துத் துண்டு துண்டாக எடுக்கும் மார்சலேட்டர் என்ற இயந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். ஏமி ரீட் என்ற அமெரிக்க மயக்க மருந்து நிபுணருக்கு 2013-ல் ஃபைப்ராய்டு என்று சொல்லி இப்படி அரைத்து எடுத்தார்கள். உள்ளே இருந்தது அபூர்வமான ஒரு புற்றுநோய். அரைத்தது வயிறெங்கும் பரவிவிட்டது. டாக்டர்களான அவரும் கணவரும் விடாமல் போராடியதில், 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டு என்று நினைத்து ஆபரேஷன் செய்யப்படும் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த புற்றுநோய் இருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அந்த எண் அதிகம் என்று வாதாடுபவர்களும் உண்டு. ஏமி ரீட் 2017-ல் இறந்துபோனார்.

மருந்துகளின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மூளையிலிருந்து வரும் கட்டளையை நிறுத்தி, தற்காலிகமாக மாதவிலக்கை நிறுத்தும் ஊசிகள் வந்தன. ஹெகரின் பழைய தர்க்கம்தான், இந்த முறை கத்தி இல்லாமல், திரும்பப் பெறக்கூடிய வகையில். எலும்பு தேய்வதால் அதிக நாள் போட முடியாது. யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரையை 2012-ல் ஐரோப்பாவில் கொண்டாடினார்கள், சிலருக்குக் கல்லீரல் பாதித்ததால் 2020-ல் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டார்கள். 2020, 2021-ல் அமெரிக்காவில் புதிய மாத்திரைகள் இரண்டு வந்தன. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காப்பர்-டி போன்ற சாதனம் ரத்தப்போக்கைக் குறைக்கிறது. இவை எல்லாவற்றையும்விட மலிவானது டிரானெக்ஸாமிக் அமிலம். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி கணவரோடு சேர்ந்து 1962-ல் கண்டுபிடித்தது. பிரசவத்தில் பெண்கள் ரத்தம் போய்ச் சாவதைத் தடுக்கவே இதில் இறங்கினார். இன்று பெரும்பாட்டுக்கு நம் ஊர் டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரை அதுதான். கட்டியைக் கரைக்காது, ரத்தத்தைக் குறைக்கும். மாதவிலக்கு நிற்க இரண்டு மூன்று வருடமே இருக்கும் ஒருவருக்கு சில சமயம் அதுவே போதுமானதாக இருக்கலாம். அது அவரும் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு வலியும் ரத்தப்போக்கும் தீர்ந்து நிம்மதி கிடைத்திருந்தது. குழந்தை பெற்று முடித்து, வருடக்கணக்கில் அவதிப்பட்டு, எல்லாம் தெரிந்துகொண்டு "எடுத்துவிடுங்கள்" என்று சொல்லும் பெண்ணுக்கு அது சரியான வைத்தியமே. இங்கிலாந்தில் 254 பெண்களை வைத்து நடந்து 2020-ல் வெளியான இன்னொரு ஆய்வு, கட்டியை மட்டும் எடுப்பதையும் தமனியை அடைப்பதையும் ஒப்பிட்டது. இரண்டிலுமே பெண்கள் நன்றாகத் தேறினார்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் நன்றாக. பானி கேட்டிருந்தால் ஒரு புன்னகை செய்திருப்பார்.

இனி நம் நாடு. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 8 சதவீதத்துக்கும் மேல். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில், இந்த ஆபரேஷன்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்ததாகத் தெரிந்தது. காரணமாகப் பெண்கள் அதிகம் சொன்னது ரத்தப்போக்கு, அதற்கு அடுத்து ஃபைப்ராய்டு மற்றும் நீர்க்கட்டி. பக்கத்துப் பக்கத்து மாநிலங்களிலேயே இவ்வளவு வித்தியாசம் இருப்பதைக் கட்டியை வைத்து மட்டும் விளக்க முடியாது. பெண்ணின் உடம்பு மாநில எல்லையில் மாறுவதில்லை, அங்கே இருக்கும் ஆஸ்பத்திரியும் பணம் வரும் வழியும்தான் மாறுகின்றன.

2008-ல் தொடங்கிய ராஷ்டிரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு கிடைத்தது. நல்ல திட்டம். ஆனால் ஆபரேஷன் செய்தால் ஆஸ்பத்திரிக்குப் பணம், மாத்திரை கொடுத்துப் பொறுத்திருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. 2012-ல் பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் விசாரித்தபோது, தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எங்கள் வகுப்பில் இன்சென்டிவ் என்ற பாடத்தை நடத்தும்போது சேல்ஸ்மேன் கமிஷனை உதாரணம் சொல்வார்கள். இதைச் சொல்லலாம்.

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் காப்பீடுகூடத் தேவைப்படவில்லை. அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் கணவன் மனைவியை ஒரே யூனிட்டாகக் கணக்கிட்டு முன்பணம் கொடுப்பார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம், கூலியைவிட அபராதம் பெரியது. வயலில் கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. வெள்ளைப்படுதலும் ரத்தப்போக்கும் வந்து டாக்டரிடம் போனால், எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்ற யோசனை. சட்டசபை மேலவைத் துணைத்தலைவராக இருந்த நீலம் கோர்ஹே தலைமையிலான குழு 2019-ல் 82,309 பெண்களைக் கணக்கெடுத்தபோது, 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஏறக்குறைய ஆறில் ஒருவர். தேசிய சராசரி 3 சதவீதம் என்று மேலே சொன்னதை ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் பீட்டில் தனியார் ஆஸ்பத்திரிகள் இந்த ஆபரேஷனுக்கு முன் மாவட்ட அரசு அறுவை மருத்துவரின் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் நடந்தவற்றைப் பற்றி நரேந்திர குப்தா என்ற மருத்துவர் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. லங்காஸ்டரில் அட்லி கட்டியை மட்டும் எடுத்துக் காட்டி அப்போது 179 வருடம் ஆகியிருந்தது.